போறேன் என்று சொல்லிப் போன பல்டி

1951ஆம் வருஷத்து மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் இந்த நாட்டு மக்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டார்கள். தன் காலில் நிற்பவர். கொஞ்சம் சம்பாதித்தாலும் பிறரைச் சார்ந்திருப்பவர். சம்பாதிக்காமலே பிறரைச் சார்ந்திருப்பவர். விராலிமலையில் மதுரை ரோட்டோரம் கூடாரம் போட்டிருந்த ஒரு சர்க்கஸ் கம்பெனிக்குக் கணக்கெடுக்க வந்த வாத்தியார், அங்கிருந்த ஒரு தம்பதியைப் பற்றி இப்படி எழுதிக்கொண்டு போனார்: மைக்கேல்சாமி, வயது முப்பது, தன் காலில் நிற்பவர். வியாகுலமேரி, மேற்படியார் மனைவி, வயது இருபத்தாறு, சம்பாதிக்காமல் சார்ந்திருப்பவர்.

மைக்கேல்சாமி வேலை நேரத்தில் காலில் நிற்பதே அபூர்வம். கையில் நிற்பார், தலையில் நிற்பார், மற்ற நேரமெல்லாம் ஆகாயத்தில் இருப்பார். ஆகாயத்தில் இருக்கும்போது அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை வியாகுலமேரியின் கையில் இருக்கும். யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது வாத்தியார் அண்ணாந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

வியாகுலமேரி ஆவூர்ப் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பெண். மாதாவின் துயரங்களை நினைத்து வைத்த பெயர். வைத்தவர்கள் ஒன்று நினைக்க, பிள்ளை வேறொன்றாக வளர்ந்தது. சிரிக்கக் கூடாத இடத்தில்தான் அவருக்குச் சிரிப்பு வரும். கலியாணத்தன்று கோயிலில் மாப்பிள்ளை முழந்தாளிட்டபோது பட்டு வேட்டி டர்ரென்று கிழிந்தது. சாமியார் லத்தீன் ஜெபத்தை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போக, மணப்பெண் முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அழுகிறாள் என்று நினைத்துச் சொந்தக்காரர்களும் சேர்ந்து அழுதார்கள்.

சிரிப்பு எவ்வளவோ அவ்வளவு பயம். பஸ் பாலத்தின்மேல் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார். ஏணியில் இரண்டாம் படிக்கு மேல் அவரை யாரும் கண்டதில்லை. இப்படிப்பட்டவரிடம் ஒரு மனிதனின் கழுத்தை ஒப்படைக்கலாமா என்று சர்க்கஸ் முதலாளி யாரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், இப்படிப்பட்டவரிடம் மட்டுமே ஒப்படைக்கலாம் என்று விடை கிடைத்திருக்கும். மைக்கேல்சாமிக்குப் பயம் என்பதே கிடையாது. ஆகவே சுற்றி இருப்பவர்களில் யாராவது அவருக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டியிருந்தது.

கயிறு வியாகுலமேரியின் கைக்கு வந்ததுகூடத் தற்செயல்தான். முன்பு கயிறு பிடித்தவர் ஒரு பயில்வான். ஆறடி உயரம், தேக்கு மரம் மாதிரி கை. மைக்கேல்சாமி பறக்கும்போது பயில்வான் அவரைப் பார்க்காமல் தன் புஜத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சமையல் கூடாரத்திலிருந்து இதைக் கவனித்த வியாகுலமேரி, கையில் இருந்த முருங்கைக்கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவேயில்லை. பயில்வான் இதைத் தனக்குக் கிடைத்த ஓய்வாக எடுத்துக்கொண்டார். கயிறு மேலே இரண்டு கப்பியில் ஓடிக் கீழே இறங்கி, தரையில் அடித்த முளையை ஒரு சுற்றுச் சுற்றித்தான் கைக்கு வரும். அதனால் பிடிப்பவருக்குப் பலம் அவ்வளவாக வேண்டியதில்லை. கண் வேண்டும்.

கம்பெனியின் பெயர் தி கிரேட் மெய்யம்மை சர்க்கஸ். மெய்யம்மை என்பது முதலாளி குமரப்பன் செட்டியாரின் தாயார். திருமயம் பக்கத்துச் செட்டியார். ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்து, சண்டைக் காலத்தில் கால்நடையாகத் திரும்பியவர். இனி ஊர் ஊராக அலையக் கூடாது என்று முடிவு செய்து சர்க்கஸ் தொடங்கினார். 1954 ஐப்பசியில், மழைக்காக வழக்கம்போல் விராலிமலையில் கம்பங்களை மட்டும் நிற்கவிட்டுக் கூடாரத் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, செட்டியார் சாப்பாட்டுப் பந்தியில் மைக்கேல்சாமியைக் கேட்டார்.

“ஏம்ப்பா மைக்கேலு, அந்தரத்துல ரெண்டு சுத்துச் சுத்தி, கூட ஒரு முறுக்கும் முறுக்கி எறங்க முடியுமா?”

மைக்கேல்சாமி வாயில் சோறு இருந்தது. “போட்டுர்லாம் மொதலாளி” என்றார்.

மறுவாரம் திருச்சியிலிருந்து போஸ்டர் வந்துவிட்டது. தைப்பூசத்தன்று விராலிமலையில் துவக்கம். ‘இரட்டை முறுக்குப் பல்டி! அந்தரத்தில் இரண்டு சுற்று! கயிறில்லை! வலையில்லை!’ முறுக்கு எப்படியிருக்கும் என்று தெரியாத ஓவியர், சுழல்வதைக் காட்டுவதற்காக மைக்கேல்சாமிக்கு மூன்று கால் போட்டிருந்தார்.

இங்கே வித்தையைக் கொஞ்சம் விளக்கிவிடுவது நல்லது. பல்டி என்பது தோசை புரள்வது போல. முறுக்கு என்பது பம்பரம் சுற்றுவது போல. ஒரே உடம்பு ஒரே மூச்சில் இரண்டு தடவை தோசையாகவும் ஒரு தடவை பம்பரமாகவும் ஆகவேண்டும். அப்படி ஆகிறவனுக்குத் தரை எந்தப் பக்கம் என்பது மறந்துபோகும். தரை அவனை மறக்காது.

மைக்கேல்சாமி மறுநாளே போடத் தயாராக இருந்தார். நடுவில் கட்டை வைத்த நீளப் பலகை. அதன் ஒரு முனையில் அவர் நிற்பார். பபூன் வீரய்யா உயரமான பெட்டியிலிருந்து மறுமுனையில் குதிப்பார். வீரய்யா நல்ல கனம். ஊரையே சிரிக்கவைப்பவர், தனியாக இருக்கும்போது ஒப்பாரி முணுமுணுப்பார். அவர் பலகையில் விழுந்தால் மறுமுனையில் இருப்பவர் கூடாரத்துக் கம்பம் வரை போய்த்தான் திரும்ப வேண்டும்.

“நாளைக்கே முறுக்கோட போட்டுர்றேன் மேரி.”

“நாளைக்கு ஞாயித்துக்கெழமை. பூசைக்குப் போயிட்டு வாங்க. நாளன்னைக்கு ஒத்தப் பல்டி போடலாம்.”

“ஒத்தப் பல்டியா! அது நான் மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடி போட்டதுடி.”

“பழகின வேலைதானே? சுளுவா வரும், போடுங்க.”

முதல் காரியமாகக் குழி தோண்டச் சொன்னார் வியாகுலமேரி. அன்னவாசல் கடலை மில்லிலிருந்து வண்டி வண்டியாக நிலக்கடலைத் தொலி வந்து குழியில் விழுந்தது. மழைக்குப் பழைய கூடாரத் துணியால் மூடிவைத்தார்கள். தலைகீழாக விழுந்தாலும் மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும். ஆனால் தொலி ஒருமுறை ஒட்டினால் போகாது. மைக்கேல்சாமி உட்கார்ந்த இடம், படுத்த இடம், சாப்பிட்ட இடம் எல்லாம் கடலைத் தொலி. பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது சாமியார், “நீ பண்ணின பாவம் ஏதாவது மில் சம்பந்தப்பட்டதா?” என்று கேட்டாராம்.

ஒற்றைப் பல்டி சரியானபின் குழியில் இரட்டைப் பல்டி, முறுக்கில்லாமல். பிறகு தென்னைநார் மெத்தைமேல் அதே இரட்டைப் பல்டி. தனியாக ஒற்றைப் பல்டியில் மட்டும் முறுக்கு. இரண்டும் தனித்தனியாக உடம்பில் ஊறும்வரை சேர்க்கக் கூடாது. சேர்க்கும்போதும் முதல் சுற்றில் முறுக்கக் கூடாது. முதல் சுற்று முடிந்து தரையைக் கண்ணால் பார்த்தபிறகே இரண்டாம் சுற்றில் முறுக்க வேண்டும். இந்த ஒழுங்கை வியாகுலமேரிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எது எதைக் காணும்போது தன் கண் தானாக மூடிக்கொண்டதோ அதை எல்லாம் தள்ளித் தள்ளிப் போட்டார். கடைசியில் பார்த்தால் ஒரு பாடத்திட்டமே வந்திருந்தது.

தரையைப் பார்த்தேன் என்று கணவர் வாயால் சொல்வதையும் அவர் நம்பவில்லை. மெத்தைக்குப் பக்கத்தில் தினம் ஏதாவது ஒரு பொருளை ரகசியமாக வைப்பார்.

“தரை தெரிஞ்சுச்சா?”

“நல்லாத் தெரிஞ்சுச்சு.”

“என்ன வச்சிருந்தேன்?”

“கத்திரிக்கா.”

“சொரக்கா. திருப்பிப் போடுங்க.”

“ரெண்டும் காய்தானடி!”

“கொழம்புல போட்டா ஒண்ணுதான். நீங்க விழுந்தா ஒண்ணு இல்ல.”

இன்னொரு சட்டமும் இருந்தது. களைப்பு தட்டியபிறகு மைக்கேல்சாமி “இன்னும் ஒண்ணே ஒண்ணு மேரி” என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வியாகுலமேரி கயிற்றை முளையில் கட்டிவிட்டுப் போய்விடுவார். விழுந்தவர்கள் எல்லாரும் அந்த ஒண்ணே ஒண்ணில்தான் விழுந்திருக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

முறுக்குக்குக் கயிறு கட்டியபோது ஒரு சங்கடம் வந்தது. இடுப்பு வாரின் இரண்டு பக்கமும் கயிறு. மனிதன் சுழன்றால் கயிறும் சேர்ந்து சுழலாதா? சுழன்றது. முதல் முயற்சியில் மைக்கேல்சாமி பட்டுப்புழு போலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நடு அந்தரத்தில் தொங்கினார். வெளியே தெரிந்தது மூக்கும் ஒரு கட்டைவிரலும். வியாகுலமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. கயிறு மட்டும் இம்மி நகரவில்லை.

“சிரிக்காதடி! எறக்கு!”

“எறக்குறேன், எறக்குறேன்... அந்த மூஞ்சிய மட்டும் கொஞ்சம் அங்கிட்டுத் திருப்பிக்கங்க.”

பிறகு கொல்லரிடம் சொல்லி இரும்பில் இரண்டு வளையம் செய்தார்கள். உள்வளையம் இடுப்போடு சுழலும், வெளிவளையம் கயிற்றோடு நிற்கும், நடுவே சைக்கிள் கடைக் குண்டுகள் உருளும். அதை மாட்டிக்கொண்டு மைக்கேல்சாமி நடந்தால் வண்டிச் சக்கரம் தனியாகக் கிளம்பிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் கயிறு சிக்கவில்லை. மார்கழி பிறந்தபோது இரட்டைப் பல்டியும் முறுக்கும் சேரத் தொடங்கிவிட்டன. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு நல்ல தமிழ்ச் சொல் குறுக்கே வந்தது.

பலகையில் நிற்பவர் தயார் என்று சொன்னபிறகுதான் வீரய்யா குதிக்க வேண்டும். மைக்கேல்சாமி தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதற்குச் சொல்லிவந்த வார்த்தை “வாரேன்!” கிளம்புகிறவன் ஏன் வாரேன் என்கிறான் என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டைவிட்டுப் படி இறங்கும் எவரும் போறேன் என்று சொல்வதில்லை. போயிட்டு வாரேன் என்பார்கள், அவசரமானால் வாரேன். போறேன் என்று சொல்லிப் போனவன் திரும்ப மாட்டான் என்பது நம்பிக்கை. சாதி, மதம், கட்சி எதிலும் ஒத்துப்போகாதவர்கள்கூட இதில் ஒத்துப்போனார்கள். இதனால் தமிழில் போவதற்கும் வருவதற்கும் ஒரே சொல் என்றாகிவிட்டது. வீட்டு வாசலில் இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. பலகை வேறு.

மைக்கேல்சாமியின் தாயார் சந்தியாகம்மாள் கம்பெனியின் சமையல்காரர். ஒருநாள் காலை, மைக்கேல்சாமி பலகையில் ஏறி நின்று காதைச் சொறிந்துகொண்டிருந்தார். வீரய்யா பெட்டிமேல் நின்றார். சமையல் கூடாரத்திலிருந்து குரல் வந்தது.

“எலே மைக்கேலு! கஞ்சி ஆறுது, வாரியா இல்லியா?”

“வாரேன்!” என்றார் மகன்.

வீரய்யா குதித்தார்.

முகம் சமையல் பக்கம், ஒரு கை காதில். மைக்கேல்சாமி அப்படியே மேலே போனார். அது தோசையும் இல்லை, பம்பரமும் இல்லை. மாடியிலிருந்து விசிறிய பாய். வியாகுலமேரி கயிற்றைச் சுருக்கிச் சுருக்கி முளையோடு அமுக்கினார். தென்னைநார் மெத்தைக்கு ஒரு முழம் மேலே, தலைகீழாக, மைக்கேல்சாமி நின்றார். கை இன்னும் காதில்தான் இருந்தது.

“ஏண்டா குதிச்சே?” என்று தலைகீழாகவே கேட்டார்.

“வாரேன்னீங்களே அண்ணே!”

“கஞ்சிக்குடா சொன்னேன்!”

“கஞ்சி வாரேன் எது, பலகை வாரேன் எதுன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்? எழுதியா ஒட்டியிருக்கு?”

வழக்கப்படி இது வியாகுலமேரி சிரிக்க வேண்டிய இடம். அவர் சிரிக்கவில்லை. கணவரை மெதுவாக இறக்கி, வளையத்தைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சிரிக்காததைப் பார்த்தபிறகுதான் என்ன நடந்திருக்கும் என்பது மைக்கேல்சாமிக்கு உறைத்தது.

அடுத்து வேறு சொல் தேடும் படலம். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிப் பார்த்தார்கள். மூணு என்று சொல்லும்போதா, சொல்லி முடித்தபிறகா என்பதில் வீரய்யாவுக்கும் மைக்கேல்சாமிக்கும் கடைசிவரை தீர்ப்பு ஆகவில்லை. ‘ரெடி’ என்றார்கள். கம்பெனியில் சோறும் ரெடி, குளிக்க வெந்நீரும் ரெடி, மொதலாளி வண்டியும் ரெடி. செட்டியார் ஒரு விசில் வாங்கித் தந்தார். மதுரை ரோட்டில் போகிற பஸ் கண்டக்டர்கள் எல்லாரிடமும் அதே விசில் இருந்தது. ஆளில்லாத பலகையில் வீரய்யா இரண்டு தடவை குதித்தார். இங்கிலீஷில் ‘கோ’ என்று சொல்லலாம் என்றார் செட்டியார். விராலிமலை மயில்களுக்கும் அந்த இங்கிலீஷ் தெரிந்திருந்தது. முதல் மயில் ‘கோ’ என்று அகவியதுமே வீரய்யா குதித்துவிட்டு, பலகையில் உட்கார்ந்து, தன் தலைவிதியை நினைத்து ஒப்பாரியை எடுத்தார்.

வியாகுலமேரி இரண்டு நாள் ஊர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டார். மூன்றாம் நாள் எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: “இந்தச் சீமையில யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லாத வார்த்தை ஒண்ணு இருக்கு.”

“என்னத்தா அது?” என்றார் செட்டியார்.

“போறேன்.”

சந்தியாகம்மாள் அகப்பையைக் கீழே வைத்தார்.

“அடி பாதகத்தி! பலகையில ஏறி நின்னுக்கிட்டு எம்புள்ள போறேன்னு சொல்லணுமா? எங்கடி போறான், கல்லறைக்கா?”

“அதுக்குத்தான் அத்தை சொல்றேன். எல்லாருக்கும் இம்புட்டுப் பயம் இருக்கிறதுனாலதான் அத யாரும் சும்மா சொல்ல மாட்டாங்க. கஞ்சிக்கும் சொல்ல மாட்டாங்க, கண்டக்டரும் சொல்ல மாட்டாரு, மயிலும் சொல்லாது.”

“கட்டின பொண்டாட்டி பேசுற பேச்சா இது? ஏம்ப்பா வீரய்யா, நீயாவது சொல்லு.”

“நான் என்ன ஆத்தா சொல்றது? எனக்கு எந்த வார்த்தையா இருந்தாலும் குதிக்கத்தானே சொல்றாங்க.”

செட்டியார் தொண்டையைச் செருமினார். “ஆத்தா மேரி, நாங்க எங்கயாவது கெளம்புறப்ப பின்னாலேருந்து ஒருத்தர் கூப்பிட்டாலே திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறவுக. ரங்கூனுக்குக் கப்பல் ஏறுறப்பக்கூட ‘வந்துர்றேன்’னு சொல்லித்தான் ஏறினேன்.”

“வந்துட்டீங்களா இல்லியா மொதலாளி?”

“நான் வந்துட்டேன். கடைதான் வரலை.”

மைக்கேல்சாமி எழுந்து நின்றார். தீயில் குதிக்கச் சொன்னால் குதிப்பேன், கயிறில்லாமல் போடச் சொன்னால் போடுவேன், அந்த வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். எதற்கும் அஞ்சாதவர் மூன்றெழுத்துக்கு அஞ்சினார்.

“சரி” என்றார் வியாகுலமேரி. “நீங்க அதச் சொல்ற அன்னைக்கு நான் கயித்தத் தொடுறேன்.” சொல்லிவிட்டுக் கஞ்சிக் கலயத்தைக் கழுவப் போய்விட்டார்.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. விராலிமலையிலிருந்து புதுக்கோட்டை வரை சுவர் சுவராக மூன்று கால் மனிதன் ஒட்டப்பட்டிருந்தான். செட்டியார் பயில்வானைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்தார். மைக்கேல்சாமி பலகையில் ஏறினார். கீழே பார்த்தார். பயில்வான் தன் புஜத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கேல்சாமி இடுப்பு வளையத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு வயிறு சரியில்லை என்று சொல்லி இறங்கிவிட்டார். அவர் பலகையில் ஏறிவிட்டு நடந்து இறங்கியதை அந்தக் கம்பெனியில் அன்றுதான் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் மாட்டு வண்டிக்குப் பின்னால் யாரோ முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. வீரய்யா எட்டிப் பார்த்தார். மைக்கேல்சாமி மாட்டுக்கு முன்னால் நின்று, “போ... போ...” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாடு போகத் தயாராக இருந்தது. அவரால் அடுத்த எழுத்துக்குப் போக முடியவில்லை.

மறுநாள் காலையில் பலகையில் ஏறி நின்று, சிலுவைக் குறி போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணைத் தொறந்துக்கிட்டுச் சொல்லுங்க” என்றார் வியாகுலமேரி. கயிறு அவர் கையில் இருந்தது.

“போறேன்” என்றார் மைக்கேல்சாமி. ஊருக்குப் புதிதாய் வந்தவர் வழி கேட்பதுபோல் சன்னமாக வந்தது.

“வீரய்யா காதுல விழல.”

“போறேன்!”

வீரய்யா குதித்தார். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு. மைக்கேல்சாமி மெத்தைமேல் வந்து நின்று, கையைக் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “புடலங்கா” என்றார். புடலங்காய்தான்.

சந்தியாகம்மாள் அன்று முழுக்க மருமகளோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் அகப்பையோடு வந்து மெத்தைப் பக்கம் நின்றார். மகன் போறேன் என்ற நொடியில் அவர் வாய்க்குள் “வந்துரு ராசா” என்று சொல்லுவார். சத்தம் வராமல் சொல்வதானால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று மருமகள் சொல்லிவிட்டார். இப்படியாகத் திட்டமிட்ட அபசகுனமும் அதற்குப் பரிகாரமும் தினம் காலையில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன.

வியாகுலமேரி கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்தார். தையில் அது பேருக்குத்தான் தொங்கியது. இழுப்பதில்லை, தாங்குவதில்லை, கூடவே போய்க் கூடவே வரும். இதை அவர் கணவரிடம் சொல்லவில்லை. கயிறு தூக்குகிறது என்று மைக்கேல்சாமி நினைத்துக்கொண்டிருந்தார். தூக்கியது அவர் கால்கள்தான்.

தைப்பூசத்தன்று காலையில் செட்டியார் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

“ஆத்தா, இன்னைக்குக் கயிறு வேண்டாம். போஸ்டர்ல கயிறில்லைன்னு போட்டாச்சு.”

“போஸ்டர்ல மூணு காலுன்னும் போட்டிருக்கு மொதலாளி.”

“ஜனங்க சிரிப்பாகல்ல?”

“சிரிக்கட்டும். சர்க்கஸ்தானே?”

மைக்கேல்சாமி இடையில் புகுந்தார். “மேரி, ஒரு மாசமா ஒரு தடவகூடத் தப்பல. இன்னும் எதுக்குடி கயிறு?”

“கனமாவா இருக்கு?”

“கனமில்ல.”

“அப்பக் கெடக்கட்டும்.”

செட்டியார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அடுப்புக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் கயிற்றுக்குப் பூசச் சொன்னார். இருட்டுக் கூடாரத்தில் கறுப்புக் கயிறு கண்ணுக்குத் தெரியாது. மைக்கேல்சாமியின் உடுப்பு வெள்ளை வெளேரென்று இருந்ததை அவர் யோசிக்கவில்லை.

கூட்டம் தாங்கவில்லை. மலைக்குக் காவடி எடுத்து இறங்கியவர்கள் நேராக இங்கேதான் வந்தார்கள். பெண்கள் பக்கம் மட்டும் நானூறு பேராவது இருப்பார்கள். பேண்டு நின்றது. தவில் மட்டும் உருண்டது. மைக்கேல்சாமி பலகையில் ஏறிக் கூட்டத்தைக் கும்பிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, இத்தனை நாள் பழகிய குரலில் முழங்கினார்.

“போறேன்!”

வீரய்யா குதித்தார். அதே நொடியில் பெண்கள் பக்கம் முழுவதும் பதறி எழுந்தது.

“ஐயய்யோ! போயிட்டு வாரேன்னு சொல்லுய்யா!”

சந்தியாகம்மாள் வாய்க்குள் சொன்னதை மைக்கேல்சாமி சமாளித்திருக்கிறார். நானூறு பேர் வாய்விட்டுச் சொன்னதை அவர் கேட்டதில்லை. முதல் சுற்று முடிந்து தரையைப் பார்க்க வேண்டிய இடத்தில், மரியாதை தெரிந்த மனிதராகையால், குரல் வந்த திக்கில் முகத்தைத் திருப்பினார். பதில் சொல்ல வாயும் திறந்தார். முழங்காலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது, முறுக்கு முந்திக்கொண்டது. பார்த்தவர்களுக்கு அது வித்தையாகத்தான் தெரிந்தது. தலை கீழே வந்துகொண்டிருந்தது. அவருக்குத் தரை எங்கே என்று தெரியவில்லை.

பிறகு எல்லாரும் பார்த்தது மைக்கேல்சாமி இரண்டு காலையும் அகட்டி மெத்தைமேல் நின்றதைத்தான். வெள்ளை உடுப்பில் தோளிலிருந்து இடுப்பு வரை கரிக்கோடு. வாய் இன்னும் திறந்திருந்தது. “...வாரேன்” என்று முடித்தார். கூடாரம் அதிர்ந்தது.

இதற்குப் பின் அவரவர் கட்சி. பெண்கள் பக்கத்தில், “நாம சொன்னதுனாலதான் வந்தான், இல்லாட்டி போயிருப்பான்” என்று பேசிக்கொண்டே வெளியேறினார்கள். அகப்பையும் கையுமாக நின்ற சந்தியாகம்மாள், எல்லாம் தன் ஜெபம் என்று வீரய்யாவிடம் சொன்னார். கனம் சரியாக விழுந்ததுதான் காரணம் என்பது வீரய்யாவின் அபிப்பிராயம். ஜனங்கள் சேர்ந்து கத்துவது நல்ல அயிட்டம், தினமும் கத்தவைக்க வேண்டும் என்றார் செட்டியார்; அப்படியே நடக்கவும் செய்தது. மைக்கேல்சாமி மறுவாரத்திலிருந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, 1963 வரை அந்தப் பல்டியைப் போட்டார். பின்னாளில் அந்த முதல் நாளைப் பற்றி யார் கேட்டாலும், நடுவில் ஒரு கணம் தன்னை ஏதோ தேவதூதன் தொட்டதுபோல் இருந்தது என்பார்.

தொட்டது கரி பூசிய கயிறு. அவர் தலை தாழ்ந்ததைக் கண்ட வியாகுலமேரி, கயிற்றை இரண்டு முழம் இழுத்து முளையோடு அமுக்கிப் பிடித்தார். இடுப்பு அந்தரத்தில் நிற்க, கணவரின் கால் சுழன்று கீழே வந்து மெத்தையில் பட்டதும் விட்டார்.